சீட்டில் எழுதாத கேள்விகள்: கிராமத்துப் பெண்களும் சமுதாய வானொலியும்

எங்கள் மஹல்லாவில் வாரம் ஒருமுறை அஸர் தொழுகைக்குப் பிறகு பெண்களுக்கான பயான் நடக்கும். திரைக்கு அந்தப் பக்கம் அவர்கள், இந்தப் பக்கம் நான். பேசி முடித்ததும் கேள்விகள் துண்டுச் சீட்டில் வரும். பதினைந்து ஆண்டுகளாக இதுதான் வழக்கம். இதில் குறை இருப்பதாக எனக்குத் தோன்றியதே இல்லை.

சில மாதங்களுக்கு முன் ஒரு சீட்டு வந்தது. கணவர் வெளிநாட்டில் இருக்கும்போது மனைவி தன் நகையை விற்கலாமா என்று கேட்டிருந்தார்கள். நகை அவளுக்குச் சொந்தமானது என்றால் விற்கவும் வைத்துக்கொள்ளவும் அவளுக்கு உரிமை உண்டு என்று விளக்கிவிட்டு அடுத்த சீட்டுக்குப் போய்விட்டேன். மறுநாள் காலை ஒரு மூதாட்டி பள்ளிவாசல் படியோரம் நின்றுகொண்டு, "அஜரத்து, நான் கேட்டது அது இல்லையே" என்றார்.

அவர் கேட்க நினைத்தது வேறு. அவருடைய மகன் சவூதிக்குப் போனவர், ஆறு மாதமாகப் பணம் அனுப்பவில்லை. வீட்டிலுள்ள மற்ற ஆண்கள் மருமகளின் நகையைக் கேட்டு நெருக்குகிறார்கள். அவள் கொடுக்க மறுக்கிறாள். அது பாவமா, கேட்பவர்கள் மீது பாவமா? இதுதான் கேள்வி. மூதாட்டிக்கு எழுதத் தெரியாது. பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் சொல்லி எழுதி வாங்கியிருக்கிறார். அந்தப் பிள்ளை, அடுத்த வீட்டு விவகாரம் நமக்கு எதற்கு என்று பயந்து, சங்கடமான பகுதியையெல்லாம் நீக்கிவிட்டு மரியாதையாக ஒரு வரி எழுதித் தந்துவிட்டது. நானும் அந்த மரியாதையான வரிக்கு மரியாதையான பதிலைச் சொல்லிவிட்டேன்.

திங்கட்கிழமை தோறும் மாவட்ட ஆட்சியர் அலுவலக வாசலில் மனு எழுதித் தருபவர்களைப் பார்த்திருப்பீர்கள். முதியோர் உதவித்தொகையோ, பட்டாவோ, குடிநீரோ, எந்தக் குறையாக இருந்தாலும் "மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு" என்று தொடங்கி ஒரே அச்சில் வார்த்துத் தருவார்கள். அஞ்சல் வழியில் பி.ஏ. வரலாறு படித்தபோது எங்கள் பேராசிரியர் ஒருவர் சொன்னது நினைவுக்கு வருகிறது. பழைய ஆவணங்களில் பெண்களின் மனுக்கள் ஏராளம். கைநாட்டு மட்டும்தான் அவர்களுடையது, மொழி எல்லாம் வேறொருவருடையது என்பார். தேர்வுக்குப் படித்த விஷயம் பள்ளிவாசல் படியில் வந்து நிற்கும் என்று அன்று நினைக்கவில்லை.

எழுதித் தரும் ஆள் நடுவில் இல்லாமல், படிக்காத பெண் தன் குறையைத் தன் வாயாலேயே ஊருக்குச் சொல்ல முடியுமா? இந்தியாவில் இதற்குச் செய்து பார்த்த முயற்சிகளில் முக்கியமானது சமுதாய வானொலி. பத்துப் பதினைந்து கிலோமீட்டர் சுற்றளவுக்குள் மட்டும் கேட்கும் சிறிய எப்எம் நிலையம். அது எங்கே உண்மையாகவே பெண்களின் குரலானது, எங்கே அவர்களுக்கு அறிவுரை சொல்லும் இன்னொரு ஒலிபெருக்கியாக நின்றுவிட்டது என்பதைப் பார்க்க வேண்டியிருக்கிறது. அரசு இதற்கான விதிகளை 2024இல் திருத்தி எழுதியிருக்கும் இந்தக் காலத்தில் இது நம் சமுதாயத்துக்கும் தேவையான விவாதம்.

கிரிக்கெட் வழக்கும் சங்கப் பெண்களும்

ஹைதராபாத்திலிருந்து மேற்கே நூறு கிலோமீட்டர் போனால் ஜஹீராபாத். கர்நாடக எல்லையை ஒட்டிய வறண்ட பூமி. அதனருகே மாச்சனூர் என்ற சிற்றூர். முன்பு மேதக் மாவட்டம், இப்போது தெலங்கானாவின் சங்காரெட்டி மாவட்டம். அங்கே டெக்கான் டெவலப்மெண்ட் சொசைட்டி என்ற தொண்டு நிறுவனம் 1980களில் இருந்து கிராமந்தோறும் பெண்கள் சங்கங்களை அமைத்து வேலை செய்கிறது. உறுப்பினர்களில் பெரும்பாலோர் தலித் பெண்கள். சிறு நிலம் உள்ளவர்கள் அல்லது கூலி வேலை செய்பவர்கள். நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான பி.வி. சதீஷ் தூர்தர்ஷனில் தயாரிப்பாளராக இருந்தவர். 2023 மார்ச்சில் காலமானார்.

அந்தப் பெண்கள் தங்களுக்கென்று ஒரு வானொலி வேண்டும் என்று கேட்டார்கள். இருக்கிற வானொலி பேசும் தெலுங்கு எங்கள் தெலுங்கு இல்லை. அது சொல்லும் விவசாயம் எங்கள் விவசாயம் இல்லை. இதுதான் அவர்கள் சொன்ன காரணம். அவர்களுடைய விவசாயம் என்பது சோளம், தினை, துவரை, பயறு என்று ஒரே காட்டில் பத்து இருபது தானியங்களைக் கலந்து விதைப்பது. வானொலியிலோ ரசாயன உரமும் ஒட்டுரக விதையும் பேசப்பட்டன. கிலோ இரண்டு ரூபாய் அரிசித் திட்டம் ஆந்திராவில் 1980களில் வந்த பிறகு சோளச் சோறு ஏழையின் அடையாளமாகி, சோளம் விளைந்த மண் பல இடங்களில் தரிசானது. விதையைப் பாதுகாத்து வைத்திருந்த கிழவிகளின் அறிவும் யாரும் கேட்காத பொருளாயிற்று. 2023ஆம் ஆண்டை சர்வதேச சிறுதானிய ஆண்டாக ஐ.நா. அறிவித்தபோது நகரத்துக் கடைகளில் தினை பிஸ்கட் வந்தது. இந்தப் பெண்கள் அதை முப்பது ஆண்டுகளுக்கு முன்பே சொல்லிக்கொண்டிருந்தார்கள். சொல்வதற்கு ஒலிவாங்கிதான் இல்லை.

யுனெஸ்கோ உதவியுடன் 1990களின் இறுதியில் மாச்சனூரில் நிலையம் கட்டப்பட்டது. கருவிகள் வந்தன. இரண்டு இளம் பெண்கள் பயிற்சி பெற்றார்கள். இருவர் பெயரும் நர்சம்மா. எல்லாம் தயார். உரிமம் மட்டும் இல்லை. இந்தியாவில் வானொலி நடத்த அரசுக்கும், ஏலத்தில் எடுத்த பெரிய கம்பெனிகளுக்கும்தான் அன்று அனுமதி.

இத்தனைக்கும் 1995 பிப்ரவரியிலேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொல்லிவிட்டது. காற்றலைகள் பொதுச் சொத்து, அரசின் ஏகபோகமும் அல்ல, தனியார் முதலாளிகளின் ஏகபோகமும் அல்ல என்பதே அதன் சாரம். வழக்கு என்னவோ கிரிக்கெட் போட்டியை யார் ஒளிபரப்புவது என்பது பற்றி, தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்துக்கும் வங்காள கிரிக்கெட் சங்கத்துக்கும் நடந்தது! அதில் கிடைத்த உரிமை கிராமத்துக்கு வந்து சேர பதின்மூன்று ஆண்டுகள் ஆயின. 2002இல் கல்வி நிறுவனங்களுக்கு மட்டும் கதவு திறந்தது. 2004 பிப்ரவரியில் சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தின் அண்ணா எப்எம் நாட்டின் முதல் வளாக வானொலியாகத் தொடங்கியது. 2006 நவம்பரில்தான் தொண்டு நிறுவனங்களும் விண்ணப்பிக்கலாம் என்ற கொள்கை வந்தது.

இடைப்பட்ட ஆண்டுகளில் மாச்சனூர் பெண்கள் சும்மா இருக்கவில்லை. நிகழ்ச்சிகளைக் கேசட்டில் பதிவு செய்து, ஊர் ஊராக எடுத்துப்போய் சங்கக் கூட்டங்களில் போட்டுக் கேட்டார்கள். கர்நாடகத்தின் கோலார் மாவட்டத்தில் புதிகோட்டே என்ற ஊரில் இன்னொரு வழி கண்டுபிடித்தார்கள். காற்றில் அனுப்பத்தானே அனுமதி வேண்டும் என்று, கேபிள் கம்பி வழியாகவே வீடுகளுக்கு ஒலியை அனுப்பினார்கள். "நம்ம த்வனி" என்று அதற்குப் பெயர்.

2008 அக்டோபர் 15இல் சங்கம் ரேடியோ 90.4 மெகாஹெர்ட்ஸில் ஒலிக்கத் தொடங்கியது. தொண்டு நிறுவனம் ஒன்றுக்கு இந்தியாவில் கிடைத்த முதல் சமுதாய வானொலி அது. ஐ.நா. அறிவித்த சர்வதேச கிராமப்புறப் பெண்கள் தினம் முதன்முதலாகக் கடைப்பிடிக்கப்பட்டதும் அதே நாளில்தான். தொடங்கி வைத்தவர் 1995 தீர்ப்பை வழங்கியவர்களில் ஒருவரான நீதிபதி பி.பி. சாவந்த்.

ஒலிபரப்பு நேரத்தைப் பாருங்கள். மாலை ஏழு மணி முதல் ஒன்பது மணி வரை. காட்டு வேலை முடிந்து வந்து, அடுப்பு பற்றவைத்து, பிள்ளைகளுக்குச் சோறு போடும் நேரம். கை வேலையாக இருக்கும், காது சும்மா இருக்கும். பத்திரிகை படிக்க எழுத்து தெரிய வேண்டும், தொலைக்காட்சி பார்க்க உட்கார வேண்டும். வானொலிக்கு இரண்டும் வேண்டாம். இந்த நேரத்தைப் படித்த வல்லுநர் குறித்திருந்தால் காலை பதினொரு மணி என்று போட்டிருப்பார் என்பது என் ஊகம். விதை, மூலிகை, கால்நடை, கல்யாணப் பாட்டு, நாற்று நடும் பாட்டு, குடும்பச் சண்டை, கூலிப் பிரச்சினை எல்லாம் அவர்கள் பேசும் வட்டாரத் தெலுங்கிலேயே வருகின்றன. பேட்டி எடுப்பவளும் கொடுப்பவளும் ஒரே வயலில் களை பறித்தவர்கள்.

மேவாத்தில் ஒரு குரல்

இனி நமக்கு இன்னும் நெருக்கமான ஒரு பகுதிக்கு வருவோம். ஹரியானாவின் மேவாத் என்றதும் நம்மில் பலருக்கு நினைவு வருவது மவ்லானா இல்யாஸ் (ரஹ்) அவர்களும், 1920களில் அங்கே அவர்கள் தொடங்கிய தப்லீக் பணியும்தான். தமிழகத்திலிருந்து ஜமாஅத்தில் அந்தப் பக்கம் போய்வந்தவர்கள் எத்தனையோ பேர் உண்டு. ஆனால் அந்த மண்ணின் பெண்களைப் பற்றி நாம் கேட்டறிந்தது மிகக் குறைவு.

2011 கணக்கெடுப்பின்படி மேவாத் மாவட்டத்தில் முஸ்லிம்கள் 79 விழுக்காடு. படிக்கத் தெரிந்த ஆண்கள் 70 விழுக்காடு, பெண்கள் 37 விழுக்காட்டுக்கும் கீழே. டெல்லியிலிருந்து இரண்டு மணி நேரப் பயணத்தில் இருக்கும் மாவட்டம் இது. பக்கத்திலேயே குருகிராமின் கண்ணாடி மாளிகைகள். 2018இல் நிதி ஆயோக் பின்தங்கிய மாவட்டங்களைத் தரவரிசைப்படுத்தியபோது கடைசி இடம் மேவாத்துக்குத்தான் கிடைத்தது. இப்போது மாவட்டத்தின் பெயர் நூஹ்.

இங்கே இரண்டு சமுதாய வானொலிகள் வந்தன. 2010இல் ஸ்மார்ட் என்ற தொண்டு நிறுவனம் தொடங்கிய ரேடியோ மேவாத் 90.4. 2012இல் நகீனா வட்டாரத்தில் காகஸ் என்ற கிராமத்தில் செஹ்கல் அறக்கட்டளை தொடங்கிய அல்ஃபாஸே மேவாத் 107.8. இவற்றில் உள்ளூர் மேவாத்தி மொழி ஒலிக்கிறது. ரேஷன், குடிநீர், பஞ்சாயத்து, தடுப்பூசி, பெண்பிள்ளைகளின் படிப்பு ஆகியவை பேசப்படுகின்றன. கேட்பவர்கள் தொலைபேசியில் அழைத்துக் கேள்வி கேட்கிறார்கள். உள்ளூர்ப் பெண்கள் அறிவிப்பாளர்களாகவும் செய்தி சேகரிப்பவர்களாகவும் பயிற்சி பெற்றார்கள்.

தொலைபேசியில் அழைப்பது என்று எளிதாக எழுதிவிட்டேன். கிராமத்தில் கைபேசி யாருடைய கையில் இருக்கிறது? பெரும்பாலும் கணவனிடம், அல்லது மகனிடம். அவர்கள் வீட்டில் இல்லாதபோது அதுவும் இல்லை. நிலையத்தை அழைக்க வேண்டுமானால் அவள் முதலில் வீட்டில் அனுமதி கேட்க வேண்டும். எதைப் பற்றிப் பேசப்போகிறாய் என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். ஆகவே அழைப்பு வரட்டும் என்று காத்திருக்கும் நிலையத்துக்கு ஆண்களின் குரல்தான் அதிகம் வரும். ஒலிப்பதிவுக் கருவியை எடுத்துக்கொண்டு அடிகுழாயடிக்கும் அடுப்படிக்கும் நடந்து போகும் பெண் இருந்தால்தான் மற்றவர்களின் குரல் கிடைக்கும்.

இன்னொன்றும் உண்டு. பெரிய ஊடகத்தில் பேசினால் பெயரை மறைத்துக்கொள்ளலாம். பத்துக் கிலோமீட்டர் வட்டத்துக்குள் பேசினால் பெயர் சொல்லாவிட்டாலும் குரலை வைத்தே இன்னார் மருமகள் என்று ஊர் கண்டுபிடித்துவிடும். இந்த வானொலியின் பலமும் அதுதான், பயமும் அதுதான். குழாயில் தண்ணீர் வரவில்லை என்று சொல்வதற்குத் தடையில்லை. குடித்துவிட்டு அடிக்கிறான் என்று யார் சொல்வது? நல்ல நிலையங்கள் இதற்காக நாடகம், கதை, பெயர் மாற்றிய உரையாடல் என்று வழி தேடுகின்றன. கிராமத்துப் பெண்கள் காலங்காலமாக ஒப்பாரியிலும் நலங்குப் பாட்டிலும் மாமியாரைக் குத்திப் பாடியதும் இதே வழிதான்.

குரல் அவ்ரத்தா?

பெண் வானொலியில் பேசலாமா, அவளது குரல் மறைக்கப்பட வேண்டிய அவ்ரத் இல்லையா என்ற கேள்வி இந்த இடத்தில் எழும். மேவாத் போன்ற இடத்தில் மட்டுமல்ல, நம் ஊரிலும் எழும். என்னிடமே கேட்டிருக்கிறார்கள். சுருக்கமாகச் சொல்கிறேன். ஷாஃபிஈ மத்ஹபில் ஏற்கப்பட்ட கருத்துப்படி பெண்ணின் குரல் அவ்ரத் அல்ல. ஹனஃபி நூல்களில் கருத்து வேறுபாடு பேசப்பட்டாலும், தேவைக்கு அந்நியருடன் பேசுவதை இமாம்கள் தடுக்கவில்லை. குழைந்து பேசக் கூடாது என்ற குர்ஆனின் அறிவுரை பேசும் விதத்துக்குச் சொன்ன ஒழுக்கம். பேசவே கூடாது என்ற தடையாக அதை விளங்கிக்கொள்ள முடியாது.

அன்னை ஆயிஷா (ரலி) அவர்களிடம் பாடம் கேட்ட ஆண்கள் எத்தனை பேர் என்பதை மதரஸாவில் முதல் ஜும்ரா மாணவனும் அறிவான். அதைவிடவும் இந்த விஷயத்துக்குப் பொருத்தமான ஒரு சம்பவம் புகாரியில் இருக்கிறது. பெண்கள் நபி (ஸல்) அவர்களிடம் வந்து, ஆண்களே உங்களைச் சூழ்ந்துகொள்கிறார்கள், எங்களுக்கென்று ஒரு நாளை ஒதுக்குங்கள் என்று கேட்டார்கள். ஒதுக்கப்பட்டது. அவர்களுக்காக வேறு யாரும் சீட்டு எழுதவில்லை, அவர்களே கேட்டார்கள். கணவரின் கொடுமையை முறையிட வந்த கவ்லா (ரலி) அவர்களின் வாதம் ஒரு சூராவுக்கே பெயராக நிற்கிறது. தர்க்கம் செய்பவள் என்ற பொருளில் "அல் முஜாதலா" என்கிறோம். அந்தச் சூராவை ஓதுகிற நாம் வாதாடும் பெண்ணைக் கண்டு முகம் சுளிக்கிறோம்.

இது வெறும் ஏட்டு விவாதமும் அல்ல. காபூலில் 2021 மார்ச் 8இல் பெண்களுக்காகப் பெண்களே நடத்தும் ரேடியோ பேகம் தொடங்கியது. அதே ஆண்டு ஆட்சி மாறி, பெண்பிள்ளைகளுக்கு உயர்நிலைப் பள்ளி மூடப்பட்ட பிறகு, வகுப்பறையில் கிடைக்காத பாடத்தை அந்த வானொலி வீட்டுக்குள் கொண்டுபோனது. 2025 பிப்ரவரியில் நிலையத்தைச் சோதனையிட்டு நிறுத்தி வைத்தார்கள். அந்த மாதக் கடைசியில் மீண்டும் அனுமதித்தார்கள். பள்ளிக்கூடத்துக்குப் போகக் கூடாது, வானொலியிலும் கேட்கக் கூடாது என்றால் அந்தச் சிறுமி எங்கே போய்ப் படிப்பாள்? மார்க்கத்தின் பெயரால் இதைச் செய்பவர்கள் ஆலிம்கள் என்றே அறியப்படுகிறார்கள் என்பதால், ஆலிம்களாகிய நாம் இதைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது.

செய்தி சொல்லக் கூடாத வானொலி

நம் நாட்டுக்குத் திரும்புவோம். இங்கே தடை வேறு வடிவில் இருக்கிறது. சமுதாய வானொலி செய்தி, நடப்பு நிகழ்வு, அரசியல் சார்ந்த நிகழ்ச்சி எதையும் ஒலிபரப்பக் கூடாது என்பது 2006 கொள்கையின் நிபந்தனை. நிகழ்ச்சிகளில் பாதியாவது உள்ளூர் மக்களின் பங்கேற்புடன் தயாராக வேண்டும் என்றும் அதே கொள்கை சொல்கிறது. ஊர் மக்கள் பேச வேண்டும், ஆனால் ஊரில் நடப்பதைப் பேசக் கூடாது!

நூறு நாள் வேலைக்குக் கூலி மூன்று மாதமாக வரவில்லை என்று ஒரு பெண் சொன்னால் அது குறையா, செய்தியா? ரேஷன் கடையில் எடை குறைகிறது என்றால்? பஞ்சாயத்துத் தலைவி பதவியில் இருக்கிறார், கையெழுத்து மட்டும் அவர், முடிவெல்லாம் கணவர் என்று சொன்னால் அது அரசியலா? கோடு எங்கே என்று யாருக்கும் தெரியாது. தெரியாதபோது உரிமத்தைக் காப்பாற்ற நினைக்கும் நிலையம் கோட்டுக்குப் பத்தடி தள்ளியே நிற்கும். கைகழுவுங்கள், தடுப்பூசி போடுங்கள், சிறுசேமிப்பு செய்யுங்கள் என்பதோடு நின்றுவிடும். எல்லாம் நல்ல விஷயங்கள்தான். ஆனால் பெண்ணுக்குச் சொல்லப்படும் விஷயங்கள். பெண் சொல்லும் விஷயங்கள் அல்ல.

2023 ஜூலை 31இல் நூஹில் கலவரம் மூண்டு ஆறு உயிர்கள் போயின. கைபேசி இணையம் நாட்கணக்கில் துண்டிக்கப்பட்டது. அதன் பிறகு வீடுகளும் கடைகளும் இடிக்கப்பட்டன. ஆகஸ்ட் 7இல் பஞ்சாப் ஹரியானா உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரித்து அதை நிறுத்தியது. ஊரடங்கில் கிடந்த ஒரு தாய்க்கு எந்தச் சாலை திறந்திருக்கிறது, எந்த ஊரில் இடிக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள இணையம் இல்லை. எழுத்து தெரியாததால் பத்திரிகையும் இல்லை. பக்கத்திலேயே அவள் மொழி பேசும் வானொலி இருக்கிறது. ஆனால் அங்கே நடப்பதைச் செய்தியாகச் சொல்லச் சட்டம் அதற்கு இடம் தரவில்லை. அந்த இடத்தை வதந்தி எடுத்துக்கொள்ளும். வதந்தியைத் தடுக்கத்தான் இணையத்தை நிறுத்துகிறோம் என்கிறது அரசு. வதந்திக்கு மருந்து நம்பகமான உள்ளூர்ச் செய்தி என்பதை மட்டும் ஏற்க மறுக்கிறது. தனியார் மற்றும் சமுதாய வானொலிகள் மீதான இந்தச் செய்தித் தடையை எதிர்த்து 2013இலேயே உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்கு தொடரப்பட்டது. செயற்கைக்கோள் தொலைக்காட்சிகள் இரவெல்லாம் வெறுப்பை விவாதமாக நடத்த அனுமதி உண்டு. நூறு வாட் கிராமத்து வானொலிக்குத்தான் கட்டுப்பாடு.

அடுத்தது பணம். நிலையம் நடத்த மின்சாரம், கருவிப் பராமரிப்பு, ஐந்தாறு பேருக்குச் சம்பளம் வேண்டும். 2012இல் ஆண்டு அலைவரிசைக் கட்டணத்தை 19,700 ரூபாயிலிருந்து 91,000 ரூபாயாக ஒரே தாவலில் உயர்த்தினார்கள். எதிர்ப்பு கிளம்பியதும் திரும்பப் பெற்றார்கள். கம்பெனிகள் கிராமத்து வானொலிக்கு விளம்பரம் தருவதில்லை. மீதி இருப்பது அரசு விளம்பரமும் தொண்டு நிறுவனங்களின் திட்டப் பணமும்தான். காசநோய் திட்டப் பணம் வந்தால் ஆறு மாதம் காசநோய் பேச வேண்டும். பணம் தருபவர் எதைப் பேசுவது என்று முடிவு செய்தால், அந்தச் சீட்டை எழுதிய பக்கத்து வீட்டுப் பிள்ளையின் வேலையைத்தான் அவரும் செய்கிறார்.

2024 பிப்ரவரியில் வந்த திருத்தங்கள் சில கதவுகளைத் திறந்திருக்கின்றன. உரிமக் காலம் ஐந்து ஆண்டிலிருந்து பத்தாயிற்று. விளம்பர நேரம் மணிக்குப் பன்னிரண்டு நிமிடம், அரசு விளம்பரத்துக்குப் பத்து வினாடிக்கு 74 ரூபாய். நிலையத்தின் ஆலோசனை மற்றும் நிகழ்ச்சிக் குழுவில் பாதிப் பேராவது பெண்களாக இருக்க வேண்டும். இந்தக் கடைசி விதியை மனமார வரவேற்கிறேன். ஆனால் பஞ்சாயத்து இட ஒதுக்கீட்டில் நடந்ததை நாம் பார்த்தவர்கள். குழுவில் பெயர் இருப்பதும் எந்தக் குறை இன்று ஒலிக்க வேண்டும் என்று முடிவு செய்வதும் வெவ்வேறு. ஒரே நிறுவனம் வெவ்வேறு மாவட்டங்களில் ஆறு நிலையங்கள் வரை நடத்தலாம் என்ற விதிதான் எனக்கு உறுத்துகிறது. நகரத்து அலுவலகத்தில் ஒரு நிகழ்ச்சியைத் தயாரித்து ஆறு ஊருக்கு அனுப்பினால் செலவு குறையும். மாச்சனூர் பெண்கள் எதை வேண்டாம் என்றார்களோ அதுவே சிறிய அளவில் திரும்பி வரும்.

நாட்டில் அப்போது ஏறத்தாழ 480 சமுதாய வானொலிகள் இருந்தன. தமிழகத்தில் எண்ணிக்கைக்குக் குறைவில்லை என்றாலும், கல்லூரி வளாகங்களில் இருப்பவை நிறைய. மாணவர்கள் நன்றாகவே நடத்துகிறார்கள், குறை சொல்லவில்லை. ஆனால் வளாகச் சுவருக்கு வெளியே உள்ள கிராமத்துப் பெண் அங்கே விருந்தாளி. சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் மாவட்டம் விழுந்தமாவடியில் தானம் அறக்கட்டளை உருவாக்கிய களஞ்சியம் சமுதாய வானொலியும், 2016 முதல் பாம்பனில் மீனவர்களுக்காக ஒலிக்கும் கடல் ஓசையும் வேறு ரகம். கடலோரப் பெண்களுக்குப் புயல் எச்சரிக்கை வட்டார மொழியில், தெரிந்த குரலில் வருவதன் அருமையை அந்த ஊர்க்காரர்களிடம் கேட்டுப் பாருங்கள்.

நம் சமுதாயத்தில் கல்லூரிகளும் அறக்கட்டளைகளும் உண்டு. மூன்று ஆண்டுகள் சேவை செய்த பதிவு பெற்ற நிறுவனம் விண்ணப்பிக்கலாம் என்றுதான் 2006 விதி சொல்லியது. இப்படி ஒரு நிலையம் தொடங்கினால் அதை முழுநேர பயான் ஒலிபரப்பாக ஆக்கிவிடாதீர்கள் என்று, பயான் செய்பவனாகிய நானே கேட்டுக்கொள்கிறேன். பயானுக்கு யூடியூப் போதும். பீடி சுற்றும் பெண்ணின் கூலியும், பாய் முடைபவளின் முதுகுவலியும், தலாக் சொல்லப்பட்டு இத்தா முடிந்தும் மஹர் கிடைக்காதவளின் கேள்வியும் அங்கே வரட்டும். ஹிந்து, கிறிஸ்தவப் பெண்களும் வந்து பேசட்டும். குடிநீர்க் குழாய் மதம் பார்த்துக் காய்வதில்லை.

மூதாட்டி வந்துபோன பிறகு, திரைக்கு அந்தப் பக்கம் ஒரு மைக் வைக்க வேண்டும் என்று எங்கள் ஜமாஅத் நிர்வாகத்திடம் கேட்டேன். எதற்கு என்றார்கள். கேள்வி கேட்க என்றேன். சிறிது யோசித்துவிட்டுச் சம்மதித்தார்கள். முதல் இரண்டு வாரம் யாரும் தொடவில்லை, சீட்டுகளே வந்தன. மூன்றாவது வாரம் ஒரு பெண் மைக்கை எடுத்தார். மஸ்அலா எதுவும் கேட்கவில்லை. பெண்கள் பகுதியில் ஒளுச் செய்யும் குழாயில் இரண்டு மாதமாகத் தண்ணீர் வரவில்லை, இதை யாரிடம் சொல்வது என்று கேட்டார். நிர்வாகத் தலைவர் அன்று இந்தப் பக்கம் என் அருகில்தான் உட்கார்ந்திருந்தார். மறுநாள் பிளம்பர் வந்துவிட்டார்.

நகை பற்றிய கேள்வியை அந்த மூதாட்டி இன்னும் மைக்கில் கேட்கவில்லை. படியோரம் வந்துதான் கேட்கிறார்.